யாருடைய தோட்டம்?

கொழும்பு மாநகரிலே 'தோட்டம்' என்னும் சொல்லுக்குப் பல பொருள் உண்டு. செல்வந்தர் வாழும் நிழல் படர்ந்த வீதிகளுக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வனாத்தமுல்லையிலும் குறுகிய சந்துகளிலே, ஒரு தண்ணீர்க்குழாயைச் சுற்றிப் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கும் தோட்டம் என்றே பெயர், சிங்களத்தில் வத்த. இந்நகரின் துறைமுகத்தையும் வங்கிகளையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கிநிற்கும் தேயிலை நிலங்களையும் மலையகத்தார் தோட்டம் என்றே வழங்குவர். வெள்ளவத்தை என்ற பெயரின் ஈற்றிலே ஒரு தோட்டம் நிற்கிறது. கொட்டாஞ்சேனையின் ஈற்றிலே சேனை நிற்கிறது. பெயர்களில் மட்டும் பச்சை மிஞ்சிய ஊர்கள் இவை.

இப்பொழுது இன்னொரு தோட்டம் எமக்கு அறிமுகமாகியுள்ளது. அது கூரைத்தோட்டம். காலி வீதியிலே பஸ்ஸுக்குக் காத்து நிற்போர் எதிரேயுள்ள விளம்பரப் பலகைகளை அண்ணாந்து பார்த்தால் அதனைக் காணலாம். வானளாவும் கட்டடம்; அதன் உச்சியிலே புற்றரை; புற்றரை நடுவே நீச்சற்குளம்; குளத்தோரத்திலே சாய்ந்திருக்கும் ஒரு சிறு குடும்பம். 'பசுமை', 'இயற்கையோடு இயைந்த வாழ்வு', 'மனிதரை மையமாகக் கொண்ட கட்டடக்கலை' என்று சொற்களுக்குக் குறைவில்லை. எந்த மனிதர் என்பதை மட்டும் பலகை சொல்வதில்லை. விலையைக் கேட்டால் விளங்கிவிடும்.

இக்கட்டுரை கூரைத்தோட்டத்துக்கு எதிரானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொழும்பின் கூரைகள் பசுமையுறவேண்டும் என்பதே எமது கட்சியும். ஆனால் அப்பசுமை யாருடைய தலைக்கு மேலே தொடங்கவேண்டும், யாருடைய தீர்மானத்தால் அமையவேண்டும் என்னும் இரண்டு வினாக்களைத் தவிர்த்துவிட்டுப் பேசப்படும் பசுமை, மாளிகைக்குப் பூசும் இன்னொரு வர்ணமேயாகும். இதனை விற்பனைக்காரரை நோக்கி மட்டும் நாம் சொல்லவில்லை. 'முதலில் வீடு கிடைக்கட்டும், மரஞ்செடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கூறும் எம்மணியைச் சேர்ந்த நண்பர்களை நோக்கியும் சொல்லவேண்டியிருக்கிறது.

வெயிலிலிருந்தே தொடங்குவோம். ஏப்ரில் மாதத்தின் முற்பகுதியிலே சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாட்களில் தட்டையான கொங்கிறீற்றுக் கூரையின்கீழ், மேல்மாடி வகுப்பறையிலே பாடம் நடத்தியவருக்குப் பௌதிக நூல் வேண்டியதில்லை. கொங்கிறீற்றுத் தட்டு பகல் முழுவதும் வெப்பத்தை உட்கொண்டு, பொழுது சாய்ந்தபின் மெல்ல மெல்லக் கீழே இருப்பவர்மேல் அதனை இறக்குகிறது. பள்ளிக்கூடத்திலே பகலில் வெந்த பிள்ளை வீட்டிலே இரவில் வேகிறது. முதற்பாடத்திலேயே மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கும் மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று நாம் கடிந்ததுண்டு. அவனுடைய குடும்பம் ஒரு தொடர்மாடியின் உச்சித்தட்டிலே குடியிருப்பதையும், நள்ளிரவு கழிந்தும் அங்கே சுவர்ச்சூடு ஆறுவதில்லை என்பதையும் பெற்றார் கூட்டத்திலே அவனுடைய தாயார் சொன்னபோதுதான் அறிந்தோம். கடிந்த வாய்க்காக வெட்கினோம்.

கூரைமேலே ஒரு சாண் மண்ணும் செடியும் இருந்திருப்பின் அவ்வீட்டின் கதை வேறாயிருக்கும். மண் வெயிலைத் தட்டில் விழாது மறிக்கும். இலைகள் நீரை ஆவியாக விடும்போது வெப்பத்தையும் உடன்கொண்டு போகும். மழை பெய்தால் அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து ஆறுதலாக வடியவிடும். 2010 நவம்பரிலே பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. 2016 மே மாதத்திலே களனி கங்கை கொலன்னாவையை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபோது அக்கங்கை மீண்டும் கரை கடந்தது. களனியின் பெருக்கைக் கூரைச்செடிகள் தடுத்துவிடும் என்று நாம் பிதற்றவில்லை. அவ்வேலையைச் செய்யவல்லவை சதுப்பு நிலங்கள். அச்சதுப்புகளுக்காகவே 2018ஆம் ஆண்டு கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேசப் பட்டம் கிடைத்தது; பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு சதுப்பை நிரப்புவது எமக்குப் பழக்கமாகிவிட்டது. எனினும், ஒருமணிநேர மழைக்கே கணுக்காலளவு நீர் நிற்கும் ஒழுங்கைகளுக்கு, ஒவ்வொரு கூரையும் தன் பங்கு மழையைத் தானே ஏந்திக்கொள்வது சிறிய உதவியன்று.

2022 மார்ச் இறுதியை வாசகர் மறந்திருக்கமாட்டார். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. மின்விசிறி நின்றது, மின்தூக்கி நின்றது, தண்ணீரை மேலேற்றும் பம்பியும் நின்றது. மின்சாரம் உள்ளவரையில் மட்டும் வாழக்கூடிய கட்டடத்தை வீடு என்று சொல்லலாமா என்ற வினா அன்று எல்லா மாடிகளிலும் எழுந்தது. கறுவாத்தோட்டத்து மாளிகைகளில் மரநிழல் இருந்தது, மின்பிறப்பாக்கியும் இருந்தது. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலே மனிதர் கதவைத் திறந்து போட்டு மாடிப்படிகளில் உறங்கினர்.

அதே ஆண்டு யூன் மாதத்திலே, உணவுத் தட்டுப்பாட்டுக்குப் பரிகாரமாக, வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. தோட்டம் செய்ய நிலம் எங்கே என்று அறிவித்தவர் யோசிக்கவில்லை. நாம் வாடகைக்கிருந்த வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே, கூரைக்குப் போகும் கதவு எந்நாளும் பூட்டியே கிடந்தது. நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து, பழைய பீப்பாய்களில் மண் நிரப்பிக் கீரையும் மிளகாயும் வைக்கலாம் என்று திறப்பைக் கேட்டோம். கட்டடத்தைப் பராமரிப்பவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "பாரம் தாங்காது மாஸ்ரர். தண்ணி கசியும். அதுவுமில்லாமல், மேல்தட்டு வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான். வாடகைக்கு இருக்கிறவைக்கு உரித்தில்லை."

இம்மூன்று பதில்களையும் தனித்தனியே நோக்குவோம். முதலிரண்டும் நியாயமானவை, அவற்றுக்குப் பொறியியலில் விடை உண்டு. பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இட்ட சாதாரண மண், மழையில் ஊறினால், சதுர மீற்றர் ஒன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஆதலாற் கட்டடத்தின் பலத்தை அளந்த பின்பே மண் ஏற்றவேண்டும். அடியிலே நீர்காக்கும் படை, அதன்மேல் வேர் துளைக்காத படை, அதன்மேல் நீர் வடியும் படை, அப்பால் மண் என்ற ஒழுங்கு வேண்டும். வடிகால் பிழைத்தால் நீர் தேங்கும். தேங்கிய நீர் நுளம்புக்குத் தொட்டிலாகும். 2017இல் இந்நாட்டிலே ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை டெங்கு பிடித்ததை அறிந்தவர் இதனை அற்பமாகக் கருதார். பலம் போதாத கூரைக்கு மண்ணே வேண்டியதில்லை. தூண்களுக்கு நேர்மேலே சில பீப்பாய்களை வைத்து, கம்பியிலோ கயிற்றிலோ பந்தலிட்டு, பாகலையும் புடோலையும் பசளியையும் கொடித்தோடையையும் படரவிட்டால் வெயில் தட்டில் விழாது. இது எமது முற்றங்கள் நெடுங்காலமாக அறிந்த வித்தை.

மூன்றாவது பதிலுக்கோ பொறியியலில் மருந்தில்லை. அது உடைமையின் குரல். வெயில் வாடகைக்காரன் தலையில் இறங்கும்போது உரித்துக் கேட்பதில்லை. அவன் ஒரு கீரை நடப் போனால் மட்டும் உரித்து வந்து கதவில் நிற்கிறது.

இந்த உரித்தின் வரலாற்றை வெள்ளவத்தையின் மண்ணே சொல்லும். இங்கே நூல்நூற்பு நெசவாலை ஒன்று இருந்தது. 1933ஆம் ஆண்டு அதன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலார் பிழைப்புத்தேடி வந்த மலையாளிகள். இரண்டு ஆண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அத்தொழிலாளரின் பக்கம் நின்றார். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் முதற்பாடங்களில் ஒன்று அவ்வாலை வாசலிலே படிக்கப்பட்டது. இன்று ஆலை இல்லை. அந்நிலத்திலே ஹவ்லொக் சிற்றி என்னும் மாடிநகரம் எழுந்து நிற்கிறது. மதிலுக்குள்ளே புற்றரையும் பூஞ்செடியும் நீச்சற்குளமும் உள்ளன. அப்பசுமை மெய்யான பசுமைதான். அதற்குக் காவற்காரனும் உண்டு. பஞ்சுத்தூசியைச் சுவாசித்தவரின் பேரப்பிள்ளைகள் மதிலுக்கு வெளியே பஸ் புகையைச் சுவாசிக்கின்றனர்.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருவோம். ஒருமுறை எட்டாம் வகுப்பிலே 'எங்கள் வீட்டுத்தோட்டம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டுவரும் தலைப்பு அது. வாழையும் முருங்கையும் மல்லிகையும் ஒழுங்காக வந்து நிற்கும். ஒரு சிறுமி எழுந்து, "சேர், எங்க தோட்டத்த ஒடைச்சிட்டாங்க. அதப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டாள். வகுப்பிற் சிலர் சிரித்தனர். அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை. தோட்டம் என்றால் அவளுக்குத் தெரிந்தது பாட்டியும் மாமாவும் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் கூடியிருந்த அந்தச் சந்துதான். இப்பொழுது அவள் குடும்பம் மட்டக்குளியில் ஒரு கோபுரத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. பாட்டி வேறொரு கோபுரத்தில்.

இஃது ஒரு வீட்டின் கதையன்று. 1978இல் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி அதிகாரசபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, 2015ஆம் ஆண்டு ஆட்சிமாற்றம் வரை அங்கேயே இருந்தது. 2010 மே மாதத்திலேயே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் படையினர் காவல் நிற்க இடிக்கப்பட்டன. ஏறத்தாழ எழுபதாயிரம் குடும்பங்களை மாடிகளுக்கு மாற்றித் தொள்ளாயிரம் ஏக்கர் நிலத்தை 'விடுவிப்பது' திட்டம். மாநகர மக்களிற் கிட்டத்தட்ட அரைவாசிப்பேர் நகர நிலத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பிலே வாழ்கின்றனர் என்பது அதிகாரசபையின் சொந்தக் கணக்கு. இக்கணக்கைக் கண்ட நேர்மையாளர், இவர்களுக்கு இன்னும் சிறிது நிலம் வேண்டும் என்ற முடிவுக்கே வருவர். அதிகாரசபையோ, அந்தச் சிறு பங்கும் இவர்களுக்கு அதிகம் என்ற முடிவுக்கு வந்தது. வடக்கிலே நிலம் விடுவிப்பு என்றால் மக்களிடம் திருப்பிக் கொடுத்தல். கொழும்பிலே மக்களிடமிருந்து எடுத்தல். ஒரே அரசு, ஒரே சொல்.

எடுத்த நிலத்துக்கு ஈடாகக் கிடைத்தது நானூறு ஐந்நூறு சதுர அடி வீடு. அதற்கும் பத்து இலட்சம் ரூபாவரை இருபது, முப்பது ஆண்டுத் தவணையிலே கட்டுமாறு கேட்கப்பட்டது. உறுதியான சுவரும் தனிக் கழிவறையும் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. தோட்டத்து வாழ்வைக் காவியமாக்குவோர் அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். ஆனால் வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண் ஒன்பதாம் மாடியில் யாருக்கு விற்பாள்? தள்ளுவண்டிக்காரன் வண்டியை எங்கே நிறுத்துவான்? கோபுரத்தின் பரந்த தட்டையான கூரை வெயிலில் எரிந்து கிடக்கிறது. செல்வரின் கோபுரத்துக்கு ஏறிய செடி, வறியவரின் கோபுரத்துக்கு ஏறவில்லை. இராஜகிரியவிலே நாற்பதுக்கு மேற்பட்ட மாடிகளோடு எழுந்துள்ள கிளியர்பொயின்ற் கட்டடத்தில் மாடிதோறும் செடிவரிசை உண்டு. அதனை அமைத்தோர் எம்நாட்டவரே. ஆகவே அறிவு இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

மாடிக்குப் போகாதோரின் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? தகரமும் அஸ்பெஸ்டஸ் தகடும். அஸ்பெஸ்டஸின் எவ்வகையும் புற்றுநோய் தரவல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு. 2018 தொடக்கத்திலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரிலே, தேயிலைப் பொதியொன்றில் ஒரு வண்டு காணப்பட்டதென்று கூறி ருஷ்யா எமது தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை எமக்கு விற்கும் நாடும் அதுவே. சில நாட்களுள் எமது அரசாங்கம் தன் தீர்மானத்தைப் பின்போட்டது. தேயிலைக்குக் கதவு திறந்தது. மலையகத் தோட்டத்திலே ஒரு பெண் பறித்த கொழுந்துக்காக, கொழும்புத் தோட்டத்திலே இன்னொரு பெண்ணின் கூரை நஞ்சாகவே இருக்க விடப்பட்டது. ஆதாயம் இருவருக்கும் இல்லை. அஸ்பெஸ்டஸ் தகட்டின்மேல் எந்தச் செடியையும் வைக்க இயலாது. கூரைத்தோட்டம் பற்றிய எமது நகரக் கருத்தரங்குகள் இத்தகட்டைப் பற்றிப் பேசாதவரை, அவை நகரின் பாதிக் கூரைகளைக் காணாத குருட்டுக் கருத்தரங்குகளே.

இனி எமது நண்பர்களுக்கு. 'முதலில் வீடு, பிறகு பசுமை' என்பது புரட்சிகரமான கூற்றாகத் தோன்றலாம். அது முதலாளியின் கணக்கேயன்றி வேறன்று. நிழலையும் காற்றையும் முற்றத்தையும் ஆடம்பரப் பண்டமென்று முதலில் ஒப்புக்கொண்டபின், அவற்றைக் காசுள்ளவர் வாங்குவதை எங்ஙனம் ஆட்சேபிப்பது? வியன்னா நகரத் தொழிலாளர் அவ்வாறு ஒப்புக்கொள்ளவில்லை. 1923 முதல் 1934 வரை அங்கிருந்த சமூக ஜனநாயக மாநகரசபை, ஆடம்பர வீடுகள்மீது கடுமையாக ஏறிச்சென்ற ஒரு வீட்டுவரியைக்கொண்டு ஏறத்தாழ அறுபதாயிரம் வீடுகளைக் கட்டியது. அவற்றுள் 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மனையிலே 1,300க்கு மேற்பட்ட வீடுகள் இருந்தும், காணியின் பெரும்பகுதி தோட்டமாகவும் முற்றமாகவும் விடப்பட்டது. சலவைச்சாலையும் பாலர்பள்ளியும் நூலகமும் உடனிருந்தன. வீடும் பசுமையும் ஒரே வரியின் பணத்திலே, ஒரே வரைபடத்திலே பிறந்தன.

எமது நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. சேரிகளை அடியோடு இடிப்பதைத் தென்னிந்திய நகரங்கள் பற்றிய அறிக்கைகளிலே எதிர்த்த பற்றிக் கெடிஸ், 1921இல் கொழும்புக்கும் நகரமைப்பு அறிக்கை எழுதினார். 'கிழக்கின் பூங்கா நகரம்' என்ற புகழ்மொழி இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அப்பூங்கா கறுவாத்தோட்டத்தின் எல்லையைத் தாண்டவில்லை. மினெற் டி சில்வா 1950களின் பிற்பகுதியிலே கண்டி வட்டபுலுவையில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளை வகுத்தபோது, குடிவரப்போகும் அரசாங்க ஊழியரிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படிச் சமைக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டபின்பே வரைந்தார். பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்திலே, 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் எத்தனையோ வாடகைக்காரரை உரித்தாளர் ஆக்கியது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 1980 யூலை வேலைநிறுத்தத்தை நசுக்கிய, 1983இன் நெருப்பை வேடிக்கை பார்த்த ஆட்சியின் திட்டம் அது. கொடுத்த காணித்துண்டுகளும் இரண்டு பேர்ச்சஸ் அளவினவே. ஆயினும் குடியிருப்பவரைக் கூட்டிவைத்து, பாதை எங்கே, குழாய் எங்கே என்று அவர்களையே தீர்மானிக்கவிட்ட முறை அதில் இருந்தது. பகைவனிடமிருந்தும் நல்ல கருவியை எடுத்துக்கொள்ளலாம்.

பழம்பெருமையில் மயங்குவதும் தீர்வாகாது. நாற்சார் வீட்டின் முற்றத்திலே காற்றும் ஒளியும் மழையும் இறங்கின என்பது உண்மை. அம்முற்றத்துக்குள் யார் யார் நுழையலாம், யார் படலைக்கு வெளியே நிற்கவேண்டும் என்று சாதி வகுத்திருந்ததும் உண்மை. நாம் வேண்டுவது முற்றத்தின் காற்றை, படலையின் காவலையன்று.

எமது கோரிக்கைகள் எளியவை. ஒரு தோட்டத்தில் வாழ்வோரைக் கூட்டிக் கேளாமல் அவர்களுக்கு வரைபடம் வரையக்கூடாது. அவ்விடத்திலேயே திருத்தி அமைக்கக்கூடியதை இடிக்கக்கூடாது. தொடர்மாடியின் கூரை, அங்கு குடியிருக்கும் அனைவருக்கும், வாடகைக்காரர் உட்பட, பொதுவென்று சட்டம் சொல்லவேண்டும். பொதுப்பணம் செலவிடும் பசுமை முதலிற் பள்ளிக்கூடங்களின் கூரைமேலும், மருத்துவமனைகளின் கூரைமேலும், இடம்பெயர்க்கப்பட்டோரின் கோபுரங்கள் மேலும் ஏறவேண்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டை அகற்றி வேறு கூரை இட அரசு பணம் கொடுக்கவேண்டும். பெருங்கட்டடம் எழுப்புவோரைக் கூரையிற் செடி வைக்குமாறு ரொறன்ரோ மாநகரம் 2009ஆம் ஆண்டிலேயே சட்டத்தாற் கட்டாயப்படுத்தியது. இங்கும் அது வேண்டும். அதனோடு, தரையிலும் ஒரு பங்கு மதிலின்றி மக்களுக்குத் திறந்திருக்கவேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவற்றுக்காக அமைச்சரின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. விஞ்ஞானகூடத்து வெப்பமானியைக் கையிலெடுத்து, மேல்மாடி வகுப்பறையில் ஒன்று, மரநிழலில் ஒன்று என ஏப்ரில் மாதம் முழுவதும் அளந்து எழுதுங்கள். இரவிலே தத்தம் வீடுகளில் அளந்துவரப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கறுவாத்தோட்டத்துப் பிள்ளையின் கணக்கையும் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் கணக்கையும் பக்கத்திற் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எந்த மேடைப் பேச்சையும்விட அந்தத் தாள் உரத்துப் பேசும்.

அச்சிறுமிக்கு அன்று "எழுது" என்றோம். அவள் மூன்று பக்கம் எழுதினாள். அதிலே வாழையும் இல்லை, மல்லிகையும் இல்லை. குழாயடிச் சண்டை இருந்தது, பெருநாள் பலகாரம் இருந்தது, மாலையில் எல்லோரும் குந்தியிருந்த ஒரு திண்ணை இருந்தது. கடைசி வரியிலே, புதிய வீட்டின் மேல்தட்டுக்குப் போக யாரிடம் திறப்புக் கேட்பது என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழைகளைத் திருத்தினோம். அந்த வினாவுக்கு விடை எழுத எமது சிவப்புப் பேனாவால் முடியவில்லை. அதனை இங்கே வாசகர் முன் வைக்கிறோம்.